கப்பலேறிய கார்

“யப்பானிலிருந்து சொந்தப் பாவனைக்குக் கார் ஒன்றை நேரே இறக்குவதாயின் என்ன செய்ய வேண்டும்? கடைசிக் கணக்கு எவ்வளவில் வந்து நிற்கும்?” என்று கேட்டு நேயர்கள் சிலர் எமக்கு எழுதியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற நேயர் ஒருவர், கனடாவில் வாழும் தம் மகன் தான் ஓட்டிய காரையே தந்தைக்குக் கப்பலில் அனுப்பிவைக்கத் துடிக்கிறான் என்றும், அதற்கு வழி உண்டா என்றும் வினாவியிருக்கிறார். அவருக்கு முதலில் விடை கூறிவிடுவோம். கனடாவில் ஓடும் கார்களிற் சாரதி அமரும் ஆசனம் இடப்பக்கத்தில் இருப்பது. நம் நாட்டுத் தெருக்களுக்கு அது உதவாது; அத்தகைய காரை இங்கே கொண்டுவந்து பதிவுசெய்யவும் விடமாட்டார்கள். மகனுடைய அன்பு மெய்யானது. ஆனால் ஆசனந்தான் மறுபக்கத்தில் இருக்கிறது. அந்த அன்பைப் பணமாக அனுப்பச் சொல்வதே நலம்.

ஏனையோருக்கு விதிகளை வரிசையாக எழுதிப் பதிலிறுக்கலாம். ஆனால் கார் இறக்குமதி விதி என்பது கடற்கரை மணலிற் போட்ட கோலம். அடுத்த வர்த்தமானி என்னும் அலை வந்தால் பாதி அழிந்துபோகும். ஆகையால், 2025ஆம் ஆண்டில் எம் வீட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறோம். விதிகள் மாறினாலும், மனிதர் தவறுகின்ற இடங்கள் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

எம் தந்தையார் ஒஸ்டின் ஏ 40 கார் ஒன்று வைத்திருந்தார். ஐம்பதுகளில் வாங்கியது. யாழ்ப்பாணத்துக்கு வருகின்ற வெளியூரார் இன்றைக்கும் வியந்து படம்பிடிக்கின்ற ஒஸ்டின், மொறிஸ் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் அதுவும். அக்கார்கள் அங்கே நெடுங்காலம் ஓடியமைக்கு எங்கள் மக்களுடைய பழமைப் பற்றே காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். பற்று ஒருபுறம் இருக்க, வேறு கார் கிடைக்கவில்லை என்பதே உண்மை. அறுபதுகளில் நாட்டின் அந்நியச் செலாவணி கரையத் தொடங்கியபொழுது கார் இறக்குமதியின் கதவு இறுகியது. 1977ஆம் ஆண்டின் பின்னரே அது தாராளமாகத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் உடைந்த உறுப்புக்கு மாற்று உறுப்பு வாராது; கடைசற் பட்டறையிற் கடைந்துதான் பூட்ட வேண்டும். அதன்பின் போர் வந்தது. தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் மருந்துக்கும் கிடையாதாயிற்று. சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். எம் தந்தையாரும் அவ்வாறே ஓட்டினார். எங்கள் ஒஸ்டின் கறுத்த புகையும் கண்ணெரிச்சலுமாகக் கோயிலுக்கும் ஆசுபத்திரிக்கும் போய் வந்தது.

இக்கதையை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அக்காரின் பின் ஆசனத்தில் இருந்து வளர்ந்தவர் எம் அண்ணர். கதவுகள் மூடப்படும் என்பதை அவர் நூலிற் படித்து அறிந்தவர் அல்லர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, “பார்த்தாயா தம்பி, மறுபடியும் பூட்டிவிட்டான்கள்” என்றார். அந்தப் பூட்டு ஐந்தாண்டுக்குக் கிட்ட நீடித்தது. அதற்குள் 2022 வந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. பெற்றோல் வரிசையில் மனிதர் இரவு பகலாய்க் கிடந்தனர். பின்னர், கைத்தொலைபேசியிற் காட்டும் குறியீட்டுக்கு வாரம் இவ்வளவு லீற்றர் என்று பங்கீடு வந்தது. புதிய கார் வாராமையாற் பழைய காரின் விலை ஏறியது. பல ஆண்டு ஓட்டித் தேய்ந்த காரை, வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்றவர்களை நாம் அறிவோம். கார் வைத்திருத்தல் நிலம் வைத்திருத்தல் போல ஆகிவிட்ட விசித்திரமான காலம் அது.

2025 பெப்ரவரி முதலாந் திகதி தனியாருக்கும் கதவு திறந்தது. தனிமனிதர் ஒருவர் பன்னிரண்டு மாதத்துள் ஒரு வாகனமே இறக்கலாம் என்றார்கள்; பாவித்த காராயின் மூன்றாண்டுக்கு மேற்பட்டதாக இருத்தல் ஆகாது என்றார்கள். அண்ணர் அந்த வாரமே, பளையில் இருந்த தென்னங்காணியில் தம் பங்கை விற்பதற்கு ஆள் தேடத் தொடங்கினார்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எம் அன்னையார் முதல்வருடம் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். மாதத்தில் மூன்று நான்கு முறை ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். ஓட்டோவில் ஏறி இறங்குவதும், பள்ளந்தோறும் அது துள்ளுவதும் அவரால் தாங்கக்கூடியவையாக இல்லை. வாடகைக் கார் பிடிக்கலாமே என்று நாம் சொன்னோம். “காணி கிடந்து என்ன செய்யப் போகிறது? அம்மாவுக்குப் பிறகு கார் வாங்கி ஆருக்கு?” என்று அண்ணர் கேட்டார். அதற்கு எம்மிடம் விடை இல்லை.

அண்ணரின் விருப்பம் 1500 சி.சி. எஞ்சின் உடைய பெரிய கார் ஒன்று. தந்தையாரின் ஒஸ்டினே 1200 அன்றோ, அதிலுங் குறைந்ததில் ஏறுவதா என்பது அவர் வாதம். அவ்வாதத்தை முறித்தவள் உயர்தர வகுப்பில் வணிகம் படிக்கும் அவருடைய மகள். அவள் அப்பியாசக் கொப்பியில் இட்ட கணக்கை, மாணவ நேயர்களுக்கும் பயன்படும் என்பதால், வட்டமான எண்களில் இங்கே தருகிறோம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை, முறையே முக்கியம்.

காரின் விலை, கப்பற் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்து 25 இலட்சம் ரூபா என்று வைப்போம். இதற்கு மேல் 2025இல் இறக்குமதி வரி 20 வீதமாக இருந்தது. அவ்வரியின் பாதி மிகைவரி. ஆக 30 வீதம், அதாவது ஏழரை இலட்சம். அடுத்து வருவது உற்பத்தி வரி. பெற்றோல் காரைப் பொறுத்தவரை இதுதான் ஆட்டத்தின் நடுநாயகம். இது காரின் விலையைப் பார்ப்பதில்லை. எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து, ஒரு கன சென்ரிமீற்றருக்கு இவ்வளவு ரூபா என்று விதிக்கப்படுவது. கொள்ளளவு ஏற ஏறச் சென்ரிமீற்றர் ஒன்றுக்குரிய பணமும் படிப்படியாக ஏறும். ஆதலால் எஞ்சின் இரு மடங்கானால் வரி இரு மடங்கோடு நில்லாது. சிறிய எஞ்சினுக்கு அது 20 இலட்சம் என்று கொள்வோம். இவை யாவும் கூடிய தொகையின் மேல் 18 வீதம் பெறுமதி சேர் வரி. வரிக்கும் வரி என்று பொதுமக்கள் சொல்வது இதைத்தான். அது ஏறக்குறைய ஒன்பதரை இலட்சம். கூட்டிப் பாருங்கள்: 25 இலட்சம் பெறுமதியான காருக்கு வரி மட்டும் ஏறக்குறைய 37 இலட்சம். விலை ஒரு குறித்த எல்லையைத் தாண்டினால் ஆடம்பர வரி என்று வேறொன்றும் காத்திருக்கிறது. அந்த எல்லைக்கு எங்கள் குடும்பம் கிட்டவும் போகவில்லை. மின்சாரக் கார்களுக்கோ எஞ்சின் இல்லாமையால் மோட்டாரின் வலுவைக் கிலோவாற்றில் அளந்து வரி போடுகிறார்கள்.

“அப்பா, நாங்கள் கார் வாங்கவில்லை. வரி வாங்குகிறோம். அதோடு ஒரு காரும் தருகிறார்கள்” என்றாள் பெண். அண்ணர் சிரிக்கவில்லை. ஆனால் 1500 என்ற பேச்சு அன்றோடு நின்றது.

யப்பானியர் ‘கேய்’ என்று ஒரு வகைக் காரைச் செய்கிறார்கள். எஞ்சின் 660 கன சென்ரிமீற்றருக்கு மேற்படல் ஆகாது, நீளம் 3.4 மீற்றருக்கும் அகலம் 1.48 மீற்றருக்கும் உட்பட்டிருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். போரினால் நொந்திருந்த யப்பானில், மோட்டார்ச் சைக்கிளுக்கு அப்பால் ஒன்று வாங்க இயலாத குடும்பங்களுக்காக அமைக்கப்பட்ட வகுப்பு இது. தொடக்கத்தில் எஞ்சினின் எல்லை இன்னுஞ் சிறிது. 1990ஆம் ஆண்டிலேதான் 660 ஆயிற்று. அங்கே அவற்றுக்கு மஞ்சள் இலக்கத் தகடு. வரிச் சலுகையும் உண்டு. யப்பானியரின் சட்டம் ஒன்றை முன்னிட்டுச் சிறுத்த கார், நம் நாட்டின் வரியை முன்னிட்டு இங்கே வந்து சேர்ந்து, நம்மவருடைய செல்லப் பிள்ளையாகிவிட்டது. குள்ளமான பெட்டி போன்ற தோற்றம், கூரை உயரம், கதவு அகலத் திறக்கும். முதியவர் ஒருவர் குனியாமல் ஏறி அமரலாம். அன்னையாரை எண்ணிய பொழுது, வரிக் கணக்குச் சொன்ன முடிவையே அவருடைய இடுப்பும் சொல்லிற்று.

இனி ஏலம். யப்பானிற் பாவித்த கார்களிற் பெரும்பகுதி ஏலக் கூடங்கள் ஊடாகக் கைமாறுகின்றது. அங்கத்தவரான வியாபாரிகளே அங்கே கேட்கலாம். ஒரு கார் திரையிற் தோன்றிச் சில விநாடிகளுள், பொத்தானை அழுத்தி அழுத்தி விலை ஏற்றி முடித்துவிடுகிறார்கள். நம் ஊர்க் கோயிலில் மாம்பழம் ஏலம் விடுவதைப் பார்த்துப் பழகிய எமக்கு அந்த வேகம் திகைப்பூட்டியது. நாம் அங்கத்தவர் அல்லேம் ஆதலால் முகவர் ஒருவர் வேண்டும். எமக்குக் கிடைத்த முகவர் இனிமையாகப் பேசுகின்றவர். அவரைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் உண்டு. இத்தாளை வாசிக்கப் பழகாமல் ஒருவரும் பணம் அனுப்பக் கூடாது என்பது எம் கருத்து. ஏலக் கூடத்தின் பரிசோதகர் காரைச் சுற்றிப் பார்த்துப் புள்ளி இடுகிறார். ஐந்து என்றால் மிக நன்று. நான்கரையும் நான்கும் நல்லவை. மூன்றரை என்றால் கீறலும் நெளிவும் உண்டு என்று அறிக. எண்ணுக்குப் பதிலாக ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அக்கார் விபத்திற் பட்டுத் திருத்தப்பட்டது. தாளின் ஒரு மூலையிற் காரின் உருவத்தை விரித்து வரைந்திருப்பார்கள். அதன்மேல் ‘ஏ’ என்றிருந்தாற் கீறல். ‘யூ’ என்றால் நெளிவு. ‘டபிள்யூ’ என்றால் தட்டி நிமிர்த்திப் பூசிய இடம். ‘எக்ஸ்’ இரண்டு சேர்ந்தால் அந்தத் தகடே மாற்றப்பட்டது. எழுத்துக்குப் பின்வரும் எண் குறையின் அளவு. மருத்துவர் நோயாளியின் உடம்பைப் படம் போட்டுக் காட்டுவது போன்ற நேர்மையான தாள் அது. ஆனால் அந்த நேர்மை யப்பானில் மட்டுமே உறுதியானது. கடல் கடக்கையிற் தாள்கள் மாறுவதும், ‘ஆர்’ என்பது நான்கரையாக மறுபிறவி எடுப்பதும் உண்டு. ஆதலால் தாளை முகவரிடமிருந்து மட்டும் பெற்று அமையாமல், அடிச்சட்டத்தின் இலக்கத்தைக் கொண்டு வேறொரு வழியாலும் ஒத்துப்பார்க்க வேண்டும். இவ்வேலையை அண்ணரின் மகள் ஏற்றுக்கொண்டாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டியவள் யப்பானிய எழுத்துக்களைப் படித்துக்கொண்டிருக்கிறாளே என்று தாயாருக்குக் கவலை.

ஏப்ரல் நடுப்பகுதியில், புத்தாண்டு கழிந்த கையோடு, நாலரைப் புள்ளியும் வெள்ளை நிறமும் உடைய கார் ஒன்று எங்கள் விலைக்கு விழுந்தது. முற்பணம் போய்விட்டது. முகவர் விலைப் பட்டியலை அனுப்பினார். “முதற்பதிவு 2022 ஓகஸ்ற். மூன்று வருடம் முடிய இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஆறுதலாக அனுப்பலாம்” என்று தொலைபேசியிற் சொன்னார். கப்பலேற்றும் கடைசி நாள் யூலை 31 என்று பட்டியலில் எழுதியுமிருந்தார்.

யப்பானில் ஒரு புதுக் கார் பதிவான நாளிலிருந்து மூன்று ஆண்டு முடிகையில் முதற் கட்டாயப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. செலவுள்ள பரிசோதனை. ஆகவே பலர் மூன்றாம் ஆண்டு முடியுமுன் காரை மாற்றிவிடுகிறார்கள். நமது மூன்றாண்டு விதிக்குப் பொருந்துகின்ற கார்கள் ஏலத்துக்கு நிறைய வருவதற்கு ஒரு காரணம் அதுவே. ஆனால் அவர்கள் எண்ணுவது பதிவான நாளிலிருந்து. நம்மவர் விதியோ உற்பத்தியான காலத்திலிருந்து கப்பலேறும் நாள்வரை எண்ணுவது. தொழிற்சாலையிற் பிறந்த கார் வியாபாரியின் முற்றத்தில் இரண்டொரு மாதம் நின்று அதன் பின்னரே பதிவாகலாம். அந்த இரண்டொரு மாதம் யப்பானில் ஒருவருக்கும் பொருட்டல்ல. அம்பாந்தோட்டையில் அது தலைபோகிற காரியம்.

இதை எமக்குச் சுட்டிக்காட்டியவர் வங்கியில் நாணயக் கடிதம் திறக்கும் பகுதியில் இருந்த ஓர் அம்மையார். அண்ணர் பட்டியலை நீட்டியதும் அவர் கேட்ட முதற் கேள்வி, “கார் செய்யப்பட்ட மாதம் எது?” என்பது. அண்ணர் விழித்தார். மகள் அன்றிரவே அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு தேடினாள். கார் பிறந்தது 2022 யூனில். அதாவது 2025 மே முடிவதற்குள் அது கப்பலேறியாக வேண்டும். முகவர் சொன்ன மூன்று மாதம், எண்ணிப் பார்த்தால் ஐந்து வாரமாகச் சுருங்கியிருந்தது.

நாணயக் கடிதம் என்றால் என்ன என்பதை இங்கே சற்று நின்று விளக்குதல் வேண்டும். வாங்குபவர் பணத்தை நேரே விற்பவருக்கு அனுப்புவதில்லை. “இன்ன பத்திரங்களை, இன்ன நாளுக்குள், இன்னபடி பிழையின்றிக் கொண்டுவந்து தந்தால் நாம் பணம் தருவோம்” என்று வாங்குபவரின் வங்கி விற்பவருக்கு வாக்குக் கொடுக்கிறது. வங்கி காரைப் பார்ப்பதில்லை, பத்திரத்தையே பார்க்கும். கார் தங்கமாக இருந்தாலும் பத்திரத்தில் ஒரு நாள் பிந்தினால் பணம் நின்றுவிடும். கார் தகரமாக இருந்தாலும் பத்திரம் சரியானாற் பணம் போய்விடும். இது இருபுறமும் கூருள்ள கத்தி. அந்த அம்மையார் கத்தியை எங்கள் பக்கம் திருப்பித் தந்தார். “கப்பலேற்றும் கடைசி நாளை மே 31 என்று போடுவோம். பிந்தினால் அவருக்குப் பணம் இல்லை. பிறகு பாருங்கள், அவர் எப்படி ஓடுகிறார் என்று” என்றார்.

முகவருக்கு அது பிடிக்கவில்லை. யூலை என்றே போடும்படி பலமுறை வற்புறுத்தினார். இத்தனை நாள் வியாபாரம் செய்த தம்மை நம்பவில்லையா என்றும் கேட்டார். அண்ணர் இளகுகின்ற சுபாவம் உடையவர், அவர் தடுமாறினார். நாம் கொழும்பிலிருந்து தொலைபேசியில், நம்பிக்கைக்கும் திகதிக்கும் தொடர்பில்லை என்று சொன்னோம். கடிதம் மே 31 என்றே திறக்கப்பட்டது. காணி விற்ற பணம் வங்கியிற் போய்க் கிடந்தது.

பிறகு நடந்ததை நாம் எதிர்பார்க்கவில்லை. யப்பானில் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை விடுமுறைகள் அடுத்தடுத்து வருகின்றன. பொன் வாரம் என்று பெயர். நாடு முழுவதும் பயணம் புறப்பட்டுவிடும். ஏற்றுமதிக்காகக் காரின் யப்பானியப் பதிவை நீக்கிப் பத்திரம் பெறுவதும், நம் நாட்டு விதி கேட்கும் பரிசோதனைச் சான்றிதழைப் பெறுவதும் அவ்வாரத்திற் சிக்கிக்கொண்டன. எங்கள் புத்தாண்டு விடுமுறையில் நாங்கள் ஒரு வாரம் இழந்தோம். அவர்கள் பொன் வாரத்தில் அவர்கள் ஒரு வாரம் இழந்தார்கள். மே நடுப்பகுதியிற் புறப்பட்ட கப்பலில் எங்கள் கார் இல்லை.

அந்த இரண்டு வாரங்களும் அண்ணர் உறங்கியதாகத் தெரியவில்லை. விடியற்காலையில் எமக்குத் தொலைபேசி வரும். “தம்பி, அடுத்த கப்பலும் பிந்தினால்?” என்பார். பிந்தினால் நாணயக் கடிதத்தின்படி பணம் போகாது. ஆகவே காணிப் பணம் தப்பும். முற்பணத்தோடு போகட்டும் என்று நாம் விளக்குவோம். யூலை என்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இருவரும் பேசவில்லை. அப்படியிருந்தால் யூனிலோ யூலையிலோ கார் கப்பலேறும், பத்திரம் சரியாக இருக்கும், பணம் போய்விடும், துறைமுகத்தில் மூன்றாண்டு கடந்த கார் என்று சுங்கத்தார் பிடித்துவைப்பார்கள். பளையிலிருந்த தென்னைகள் அம்பாந்தோட்டை வெயிலில் நின்று காய்ந்திருக்கும்.

மே 27இற் கார் கப்பலேறியது. கப்பலேற்றுப் பத்திரத்தின் படத்தை அண்ணரின் மகள் எமக்கு அனுப்பியிருந்தாள். திகதியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் இட்டிருந்தாள். பணம் போகாது என்று கண்டதும் முகவர் ஓடிய ஓட்டத்தை வங்கி அம்மையார் முன்கூட்டியே அறிந்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அம்முகவர் தீயவர் என்று நாம் எழுதவில்லை. தமக்கு நட்டமில்லாத இடத்தில் ஆறுதலாக இருப்பது மனித இயல்பு. திகதியை நெருக்கியதும் அதே மனிதர் திறமைசாலியாகிவிட்டார்.

கார்களை ஏற்றும் கப்பல் மிதக்கின்ற மாடிக் கராஜ் போன்றது. கார்களை ஓட்டியே உள்ளே ஏற்றி, ஓட்டியே இறக்குகிறார்கள். அம்பாந்தோட்டையில் இறங்கியதும் வரி கட்டவேண்டும். மேலே சொன்ன கணக்கு, வட்டமான எண்களை விட்டு மெய்யான எண்களாக வந்து நின்றபோது, கொப்பியில் ஏற்கெனவே பார்த்திருந்தும் அண்ணர் நாற்காலியிற் சற்று நேரம் பேசாமல் இருந்தார். வரி கொடிது என்று அன்று எல்லாரும் சொன்னோம். இன்று எழுதுகையில் எமக்கு அவ்வளவு உறுதி இல்லை. நாம் இறக்கிய கார் சிறிதேயாயினும், அதற்குரிய யென்னை நாட்டின் கையிருப்பிலிருந்து எடுத்தே கொடுத்தார்கள். 2022இல் அந்தக் கையிருப்பு வற்றியபோது, எரிவாயுவுக்கும் மருந்துக்கும் அலைந்தவர்களில் நாமும் இருந்தோம். சலுகை அனுமதிப் பத்திரம் பெற்று, அதைப் பிறருக்குக் கைமாற்றிப் பணம் பண்ணியவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். அதைப் பற்றிக் கோபங்கொள்ள எமக்கு இன்னும் உரிமை உண்டு. ஆனால் வரியைப் பற்றிய கோபம், எரிபொருள் வரிசையை நினைக்குந்தோறும் சற்றே தணிந்துவிடுகிறது.

அண்ணரும் நாமுமாகக் காரைக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிச் சென்றோம். புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக 400 கிலோமீற்றர் அளவு. வானொலியைத் திருப்பினால் ஒரு நிலையமுமே சரியாக எடுபடவில்லை. யப்பானில் எவ்.எம். வானொலி 76 மெகாஹேர்ட்சில் தொடங்கிக் கீழ்ப்பகுதியிலேயே ஒலிப்பது. நம் நிலையங்களிற் பலவும் அதற்கு மேலே இருக்கின்றன. அதைச் சீராக்க ஒரு சிறு கருவி விற்கிறார்கள் என்று பின்னர் அறிந்தோம். திரையில் வந்த எழுத்து யாவும் யப்பானியம். வரைபடத்தில் எங்கள் கார் நீலக் கடலின் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனையிறவைக் கடக்கும்போது மட்டும் அது முழுப் பொய் அல்ல என்று தோன்றியது.

காரைத் தொடக்குந்தோறும் ஒரு பெண்குரல் யப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். அன்னையார் முதன்முறை ஏறிய அன்று, குனியாமல், ஒருவரும் தூக்காமல், கதவின் மேற்பிடியைப் பற்றித் தாமே அமர்ந்தார். குரல் எழுந்தது. “ஆர் பிள்ளை அது? என்ன சொல்லுது?” என்று கேட்டார். காலை வணக்கம் சொல்லுகிறது என்று அண்ணர் கூறிவிட்டார். பல நாட் கழித்துப் பேத்தி அதன் பொருளைக் கண்டுபிடித்துச் சொன்னாள். யப்பானிய அதிவேக வீதிகளிற் சுங்கம் செலுத்தும் அட்டை காரிலே செருகப்படவில்லை என்று அக்குரல் நினைவூட்டுகின்றதாம். அந்தக் கருவியைக் கழற்றிவிட ஐந்து நிமிடம் போதும். கழற்றவேண்டாம் என்று அன்னையார் சொல்லிவிட்டார். ஆசுபத்திரிக்குப் போகும் நாட்களிற் காலையில் அக்குரல் பேசி முடியும்வரை காத்திருந்து, “ஓம் பிள்ளை, போட்டு வாறம்” என்று அவர் விடை சொன்ன பின்னரே அண்ணர் காரை எடுக்கிறார்.